மூணு ஷிப்ட்... ஒரு சினிமா!

ஒரு ஷாட் சொல்றேன். கண்ணை மூடிக்கிட்டு மனசுக்குள்ள ஓட்டிப் பாருங்க.

மதியம் ரெண்டு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு பெரிய இரும்பு கேட். வெளியே ரோட்டோரமாக வரிசை கட்டி கம்பெனி பஸ்கள். கேட் திறக்கிறது. முதலில் நாலைந்து பேர். அப்புறம் நாற்பது, ஐம்பது. அதற்கப்புறம் எண்ண முடியாது. அத்தனை பேரும் பெண்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு, கண்ணில் பாதித் தூக்கம். ஒருத்தி பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிக்க ஓடுகிறாள். ஒருத்தி எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இன்னொருத்தி கேமராவைப் பார்த்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொள்கிறாள். ஒரு நாய் குறுக்கே போகிறது. கேட் மூடுகிறது. கட்!

எந்த டைரக்டர் படம்னு யோசிக்காதீங்க. இது சுங்குவார்சத்திரம். தினமும் மூணு ஷோ!

ஆனால், இதே ஷாட்டை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். 1895-ல்! பிரான்ஸ் நாட்டின் லியான் நகரம். லூமியேர் சகோதரர்கள் தங்கள் ஃபேக்டரி வாசலில் கேமராவை வைத்து, வேலை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பிடித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஓடாத படம். அந்த வருஷம் டிசம்பர் 28-ம் தேதி பாரிஸில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டிய படங்களில் அதுவும் ஒன்று. 'சினிமா பிறந்த நாள்' என்று புத்தகங்கள் குறிக்கிற தேதி அதுதான். அதிலும் கேட் திறக்கிறது. வருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள். அதிலும் ஒரு நாய்! அந்த ஃபேக்டரியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபோட்டோ எடுக்கிற பிளேட். ஊரெல்லாம் படம் எடுக்கத் தேவையான சரக்கைச் செய்து கொடுத்த பெண்கள்தான் உலக சினிமாவின் முதல் ஹீரோயின்கள்.

சுங்குவார்சத்திரத்துப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? ஐபோன்!

இந்த மேட்டரை எனக்குச் சொன்னது எந்த ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் புரொஃபசரும் இல்லை. ஒரகடத்தில் ஒரு வருஷம் அப்ரண்டிஸாகக் குப்பை கொட்டியபோது என்னோடு ஒரே ரூமில் இருந்த ஒரு ஒடிசாக்காரப் பையன். அவனைப் பற்றித்தான் சொல்லப்போறேன். அதற்கு முன்னாடி ஊரைப் பார்த்துடுவோம். வாங்க, பூந்தமல்லியில பஸ் ஏறலாம்.

பெங்களூர் ஹைவேயில் பஸ் வேகம் பிடித்ததும் செம்பரம்பாக்கம். பக்கத்திலேயே ஈ.வி.பி. பிலிம் சிட்டி. ஊரே வேடிக்கை பார்த்த 'பிக் பாஸ்' வீடு இங்கேதான் செட். செட்டை எட்டிப் பார்க்க ஆசைப்பட்டு இறங்கிடாதீங்க, உள்ளே விடமாட்டாங்க. பேசாம உட்காருங்க. அடுத்தது இருங்காட்டுக்கோட்டை. 1996-ல் ஹூண்டாய் இங்கே கடைக்கால் போட்டது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. அந்தக் காரோடு கூடவே ஒரு குட்டிக் கொரியாவும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தால் தமிழ் போர்டுகளுக்கு நடுவே வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்தில் ஹோட்டல் போர்டுகள் தென்படும். நாம் 'பாராசைட்' பார்த்துவிட்டு சியோல் போகக் கனவு காண்கிறோம். சியோலில் இருந்து வந்த இன்ஜினீயர் இங்கே சாயந்திரம் ஆனால் ஊர் ஞாபகத்தில் சூப் குடித்துக்கொண்டிருக்கிறார்!

ஸ்ரீபெரும்புதூரில் இறங்குங்க. 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் நினைவிடம் இருக்கிறது. ரெண்டையும் பார்த்துவிட்டு இடது பக்கம் சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டைப் பிடித்தால் வல்லம், வல்லக்கோட்டை முருகன், அப்புறம் ஒரகடம். இந்த ரோட்டுக்கென்று ஒரு ரிதம் உண்டு. ஒரு ஏரி, ஒரு ஃபேக்டரி, ஒரு ஏரி, ஒரு ஃபேக்டரி. ஒரு பக்கம் கொக்கு நிற்கும். மறுபக்கம் ஏழெட்டு புதுக் கார்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ட்ரெய்லர் நிற்கும். ரெனோ-நிஸான் 2010-ல் வந்தது. பாரத்பென்ஸ் லாரிகள் செய்கிற டெய்ம்லர் 2012-ல். ராயல் என்ஃபீல்டு 2013-ல். நம்ம காலேஜ் பார்க்கிங்கில் தடதடக்கிற புல்லட்டில் பல, இந்த ரோட்டில்தான் முதல் மூச்சு விட்டிருக்கும்.

ஒரகடத்தில் எங்கள் ரூம், மெயின் ரோட்டில் இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. ஆறு பேர், மூன்று பாய். கணக்குத் தப்பு இல்லை. ஏ ஷிப்ட் போகிறவன் எழுந்தால், சி ஷிப்ட் முடித்து வருகிறவன் அதே பாயில் விழுவான். பாய் ஆறவே ஆறாது. அப்படி எனக்கும் அவனுக்கும் ஒரே பாய். நான் எழுந்தால் அவன் படுப்பான். ஒரு மாசம் வரைக்கும் அவனை முழுசாக விழித்த நிலையில் நான் பார்த்ததே இல்லை.

பேரு வேண்டாம். ரூமில் எல்லோரும் அவனை 'டைரக்டரு' என்றுதான் கூப்பிடுவோம். பாலசோர் பக்கம் ஒரு கிராமம். ஐ.டி.ஐ. முடித்தவன். ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் பதினோரு மாச கான்ட்ராக்ட். கொண்டு வந்தது ஒரு பை, அதில் ஒரு கோடு போட்ட நோட்டு. நோட்டு முழுக்க ஒடியா எழுத்தில் ஸ்கிரிப்ட். "எனக்கு இது ஃபாரின், அண்ணா" என்பான். நியாயம்தானே... பஸ் போர்டு படிக்கத் தெரியாது, கடையில் பேரம் பேசத் தெரியாது, பக்கத்து வீட்டு அக்கா திட்டுகிறாரா விசாரிக்கிறாரா என்று தெரியாது. துபாயில் இறங்கின நம்ம ஊர்க்காரனுக்கும் இவனுக்கும் பாஸ்போர்ட் மட்டும்தான் வித்தியாசம். பழைய சோறு விஷயத்தில் மட்டும் ரெண்டு பேரும் ஒரே நாடு. அவன் அதை 'பகாளா' என்பான். வெங்காயத்துக்குப் பதில் வறுத்த உருளைக்கிழங்கு.

சினிமா வெறின்னா அப்படி ஒரு வெறி. நைட் ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வந்து, குளித்துவிட்டு, படுக்காமல் ஒரு படம் பார்ப்பான். ஐந்தரை இன்ச் ஸ்க்ரீனில்! தமிழ்ப் படங்களைப் போட்டுத்தான் தமிழ் கற்றான். அதனால் டீ கேட்கும்போதுகூட ஒரு பஞ்ச் டயலாக் மாதிரியே கேட்பான். மாஸ்டர் சிரித்துக்கொண்டே எக்ஸ்ட்ரா சர்க்கரை போடுவார். அவன் ஊர்ப் படங்களில் அவனுக்கு உயிர் 'மாயா மிருக'. நிரத் மொஹபாத்ரா 1984-ல் எடுத்தது. புரியில் ஒரு கூட்டுக் குடும்பம். படித்த பிள்ளைகள் தங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போக, வீடு மெள்ள மெள்ள உடைகிற கதை. கான் விழா வரைக்கும் போன படம். மங்கலான ஒரு காப்பியை மொட்டை மாடியில் எனக்குப் போட்டுக் காட்டினான். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால், அம்மா அடுப்படியில் தனியாக நிற்கிற இடத்தில் எனக்கு எங்க வீடு ஞாபகம் வந்துவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். படத்தைப் பார்க்கவில்லை!

பதிலுக்கு நான் அவனுக்குச் சொன்னது எல்லிஸ் ஆர். டங்கன் கதை. உங்களுக்கும் சொல்லியே ஆகணும்.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்காரர் டங்கன். கலிஃபோர்னியாவில் சினிமா படித்தார். கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் கூப்பிட்டார் என்று 1935-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கையில் டிகிரி, மனசில் ஆசை. தமிழ்? ம்ஹூம், ஒரு எழுத்து தெரியாது. அடுத்த வருஷமே 'சதி லீலாவதி'யை டைரக்ட் செய்தார். அதில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் வேஷத்தில் ஒரு புதுப் பையன் அறிமுகம். பேரு எம்.ஜி.ராமச்சந்திரன்! வசனத்தை இங்கிலீஷில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஆட்களை நிறுத்தி, காதை நம்பாமல் கண்ணை நம்பிப் படமெடுத்தார். 'அம்பிகாபதி', 'சகுந்தலை', 'மீரா', 'பொன்முடி', 'மந்திரி குமாரி'... 1950-ல் ஊருக்குத் திரும்பும்வரை பதினைந்து வருஷம். 'மீரா'வுக்காக எம்.எஸ்.சுப்புலட்சுமியின் முகத்தை அச்செடுத்து, அந்தச் சிலைக்கு விதவிதமாக லைட் அடித்துப் பார்த்தார்களாம், எந்த ஆங்கிளில் முகம் தெய்விகமாகத் தெரிகிறது என்று.

இதைக் கேட்ட அன்று ராத்திரி டைரக்டர் தூங்கவில்லை. என் ஹெல்மெட்டை எடுத்து மொட்டை மாடிச் சுவர் மேல் வைத்து, ரெண்டு செல்போன் டார்ச்சை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தான். கீழ்வீட்டுத் தாத்தா 'யாருடா அது மேலே?' என்று கத்தும்வரை!

அவனை அதிகம் பிடித்துக்கொண்டது இன்னொரு விஷயம். 'சதி லீலாவதி'யின் கதாநாயகன் ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை பார்ப்பான். "முதல் படத்துலயே லேபர் மேட்டரா!" என்று துள்ளினான். முதல் ஒடியாப் படமான 'சீதா பிபாஹ'வும் அதே 1936-தான் என்று அவன் கண்டுபிடித்துச் சொன்னபோது ரூமே டீ சாப்பிட்டுக் கொண்டாடியது. காசு நான் கொடுத்தேன்.

சரி, அவன் எடுக்க நினைத்த படம் என்ன? ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள். அவ்வளவுதான். லூமியேர் எடுத்ததையே திரும்ப எடுக்க வேண்டும், ஆனால் இந்த ரோட்டில். கான்ட்ராக்ட் முடிவதற்குள்!

சுலபம்னு நினைக்கிறீங்களா? கேமரா இல்லாமல் இல்லை. பாக்கெட்டில் இருக்கிற போன் போதும். ஷான் பேக்கர் 'டேன்ஜரின்' படத்தை ஐபோனில் எடுத்து 2015-ல் ரிலீஸ் செய்தார். பத்து வருஷம் கழித்து 'அனோரா'வுக்கு ஆஸ்கர் வாங்கினார். டேனி பாய்ல் 2025-ல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதியை ஐபோனில்தான் எடுத்தார். ஆனால், போன் செய்கிற ஊரில் போனைத் தூக்குவதுதான் கஷ்டம். பல கம்பெனிகளில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். சில இடங்களில் கேமரா மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார்கள். "உள்ளே கேமரா நஹி, அண்ணா. கண்ணு இருக்கு" என்பான். லைனில் நின்றபடி ஷாட்டுகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நோட்டில் படமாக வரைவான். எண்ணெய் படிந்த பக்கங்கள்.

ஜெர்மன் டைரக்டர் ஹாருன் ஃபரோக்கி, லூமியேர் படத்துக்கு நூறு வயசானபோது, 1995-ல், அதே பெயரில் ஒரு டாகுமென்டரி செய்தார். உலக சினிமா முழுக்க ஃபேக்டரி வாசல் காட்சிகளைத் தேடிக் கோத்தார். அவர் பார்த்துச் சொன்ன விஷயம், கதை சினிமா பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது என்பது. நம்ம படங்களையே யோசிங்க. ஹீரோ மெக்கானிக்காக இருப்பார். ஓப்பனிங் சாங்கில் ஒரு ஸ்பேனர் பிடிப்பார். அப்புறம் அந்த ஸ்பேனரை யாராவது பார்த்தீங்களா?

வாசலிலாவது எடுக்கலாம் என்று ஒருநாள் போனோம். பொது ரோடுதான். அவன் ட்ரெய்லர்களையும் பஸ்களையும் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு செக்யூரிட்டி வந்தார். போனை வாங்கினார். எங்கள் கண்ணெதிரிலேயே அழித்தார். அன்றைக்கு எடுத்ததை மட்டுமல்ல, ஒரு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த எல்லாவற்றையும். எந்தக் கம்பெனின்னு கேட்காதீங்க. அவருக்கும் ஏதோ ஒரு கிராமம், அவரும் ஏதோ ஒரு கான்ட்ராக்ட். டைரக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வரும் வழியில், "அண்ணா, நோட்டு இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த தடவை செக்யூரிட்டி இல்லாத இடம். கம்பெனி பஸ் இறக்கிவிடுகிற ஸ்டாப். அங்கேயும் ஒரு சிக்கல். தர்மபுரி பக்கம் இருந்து வந்த ஒரு பொண்ணு நேராக எங்களிடம் வந்து, "அண்ணா, முகம் வராம எடுங்க. ஊர்ல நான் ஆபீஸ் வேலைன்னு சொல்லியிருக்கு" என்றது. நான் ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். போனைக் கீழே இறக்கினான். அன்றிலிருந்து அவன் முகங்களை எடுக்கவில்லை. கால்களை எடுத்தான். சேஃப்டி ஷூ, ரப்பர் செருப்பு, கொலுசு, புது ஷூ, தைத்த ஷூ. வீடியோ எடுக்க ஆசை இருக்கிற உங்களுக்கும் சொல்றேன்... முதல்ல கேளுங்க. ரீல்ஸ் போடுகிற அவசரத்தில் நாம் மறந்துபோகிற விஷயம் இது.

இந்த ரோட்டில் வேலை நிலையில்லாதது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா போன் செய்ய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதல் சம்பளம், முதல் ஏ.டி.எம். கார்டு எல்லாம் அங்கேதான். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. உங்க அக்காவோ சித்தியோ வைத்திருந்த அந்த உடையாத போனை யார் கை பூட்டியது என்று எந்தப் படத்திலும் கிடையாது. இப்போது வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி ஒரு பிரமாண்டமான ஹாஸ்டல், 2024 ஆகஸ்ட்டில் திறந்தது. ஒரு டவுனே மாடி மாடியாக நிற்கிற மாதிரி இருக்கிறது. ராத்திரியில் அத்தனை ஜன்னலிலும் லைட் எரிகிறபோது, தூரத்தில் இருந்து பாருங்க. ஒவ்வொன்றும் ஒரு ஸ்க்ரீன் மாதிரி!

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. அதைச் சொல்லாமல் விட முடியாது. சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பாலசோர் பக்கத்தில் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவன் வந்த ரயில், அவன் ஊர்ப் பக்கம். அன்று ராத்திரி எங்கள் தெருவில் எந்த ரூமிலும் லைட் அணையவில்லை. எல்லோர் காதிலும் போன். நாட் ரீச்சபிள், நாட் ரீச்சபிள். அவன் சித்தப்பா மகன் முந்தின நாள் ரயிலிலேயே வந்துவிட்டிருந்தான், தப்பித்தான். பக்கத்து ரூம் பையனின் மாமா தப்பிக்கவில்லை. தெரு முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். யாராவது ஒரு ஷாட் எடுத்திருந்தால் அது பேசியிருக்கும். டைரக்டர் போனில் பேட்டரி இருந்தது. அந்தப் பையனுக்கு ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு மட்டும்தான் அதை எடுத்தான்.

ஜூலையில் அவன் கான்ட்ராக்ட் முடிந்தது. நீட்டிப்பு இல்லை. குஜராத்தில் சானந்த் பக்கம் ஒரு வேலை கிடைத்தது. 'படம்?' என்று கேட்டேன். கையைக் காட்டினான். கால் ஷாட்டுகள் நிறைய இருந்தன. கேட் ஷாட் ஒன்றுகூட இல்லை. ஸ்டேஷனுக்கு பஸ் ஏற்றிவிட்டபோது நோட்டை மட்டும் கையிலேயே வைத்திருந்தான். பையை லக்கேஜில் போட்டான்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பி.எஸ்.வினோத்ராஜ் 'கூழாங்கல்' எடுத்து 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய கதையை அவனுக்கு மெசேஜில் அனுப்பினேன். 'மாயா மிருக'வைப் புதுப்பித்து 2024-ல் இத்தாலியில் திரையிட்டார்கள் என்ற செய்தியை அவன் எனக்கு அனுப்பினான், பத்து ஆச்சரியக்குறியோடு. 'இப்போ அம்மா முகம் தெளிவா தெரியும் அண்ணா' என்று எழுதியிருந்தான்.

நீங்க போறதா இருந்தா ஞாயிற்றுக்கிழமை போங்க. சாயந்திரம் நாலு மணிக்கு மேல் ஒரகடம் ஜங்ஷன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஊரே வெளியே வந்திருக்கும். அஸ்ஸாம், பீகார், ஜார்க்கண்ட், ராமநாதபுரம், விழுப்புரம் எல்லாம் ஒரே பானிபூரி வண்டியைச் சுற்றி நிற்கும். ஏரிக்கரையில் சூரியன் இறங்குகிற நேரத்தில் வரிசையாக செல்ஃபி. வீட்டுக்கு வீடியோ காலில் ஏரியைக் காட்டி 'கடல் மாதிரி இல்லே?' என்று ஒருத்தன் கேட்டுக்கொண்டிருப்பான். மறுநாள் மதியம் ரெண்டு மணிக்கு வரை இருந்தால் முதல் பாராவில் சொன்ன ஷாட்டையும் பார்த்துவிடலாம். கேமராவை வெளியே எடுக்காமல், சும்மா ரோட்டுக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்று பாருங்க.

போன மாசம் டைரக்டரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. 48 விநாடி. இங்கிருந்து கிளம்பின கடைசி வாரம், கம்பெனி பஸ் ஜன்னல் வழியாக எடுத்திருக்கிறான். என்னிடம்கூடச் சொல்லவில்லை, கள்ளன்! கண்ணாடியில் அழுக்கு, அதனால் ஒரு முகமும் தெரியவில்லை. கேட் திறக்கிறது. வெள்ளையாக, நீலமாக உருவங்கள் கரைந்து கரைந்து வருகின்றன. யாரோ ஓடுகிறார்கள். யாரோ நிற்கிறார்கள். பஸ் நகர ஆரம்பிக்கிறது. படம் முடிந்துவிட்டது.

கீழே ஒரு வரி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: 'அண்ணா, நாய் பார்த்தியா?'

திரும்ப ஓட்டினேன். ரெண்டு தடவை தெரியவில்லை. மூணாவது தடவை... 31-வது விநாடி, இடது மூலை, பஸ் டயருக்குப் பக்கத்தில். செம்மண் கலரில் ஒரு வால் மட்டும்.